பீன்ஸுக்கு மாட்டிய பெட்டி

பீன்ஸ் என்றதும் காய்கறிக் கடைக்குப் போய்விட வேண்டாம். அது பக்கத்து வீட்டு நாய். சாம்பல் உடம்பில் கரும்புள்ளி விழுந்த பொட்டை, மாடு மேய்க்கிற ஜாதி. குட்டியாக வந்த அன்றைக்கே அடுப்போரம் இறக்கி வைத்திருந்த பீன்ஸ் சட்டியைக் கவிழ்த்து வழித்துத் தின்றுவிட்டு, வீட்டில் ஒரு மனுஷனைப் படுக்கவிடாமல் நாறடித்தது. அதிலிருந்து அதுதான் பெயர்.

நாய்க்குச் சொந்தக்காரர்கள் ஷேனும் மார்லாவும். ஷேனுக்குக் கோடையில் தச்சுவேலை. பனி விழுந்துவிட்டால் உளியும் ரம்பமும் ஷெட்டுக்குப் போய்விடும், இவன் மலைக்குப் போய்விடுவான். ஆள் ஏறாத சரிவாகப் பார்த்து ஏறி, சறுக்குப் பலகையில் உச்சியிலிருந்து இறங்குவதற்காகவே பிறந்த மாதிரி பேசுவான். கொலராடோவில் எங்கள் ஊரில் அப்படிப்பட்டவர்கள் தெருவுக்கு நாலு பேர் உண்டு, அதனால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மார்லா என்னோடு சாலைத் துறையில் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவள். கணவாய்ச் சாலையில் அவளுக்கு இருக்கிற கை எனக்குக் கிடையாது. நான் அதில் முடி நரைத்தவன், சொல்கிறேன்.

காலை ஷிப்டுக்கு முன்னால் அவர்கள் வீட்டில்தான் எனக்குக் காப்பி. அன்றைக்கும் அப்படித்தான் போனேன். உள்ளே நுழையும்போதே சண்டை பாதி வழி வந்திருந்தது.

"இன்னிக்கு அவ வரல," என்றாள் மார்லா. அடுப்பில் பன்றிக்கறி வதங்கிக்கொண்டிருந்தது. முட்டையை உடைத்து ஊற்றிய வேகத்திலேயே கோபம் தெரிந்தது.

"யாரு வரல?"

"நடிக்காத ஷேன். ராவும் பகலும் காத்து அடிச்சிருக்கு. அடிச்ச பனி மொத்தமும் நீ எறங்கப்போற தொட்டிச் சரிவுலதான் போய் உக்காந்திருக்கும். நீ போற, போ. உன் உசுரு, உன் இஷ்டம். அவள விட்டுட்டுப் போ."

ஷேன் பூட்ஸின் வாரை இழுத்துக்கொண்டே சிரித்தான். "அவகிட்டயே கேட்டுடலாம். பீன்ஸ், போலாமாடி?"

நாய் தன்னைத்தானே மூன்று சுற்றுச் சுற்றி, கதவில் போய் முட்டி, திரும்ப வந்து அவன் முழங்காலில் மூக்கை வைத்து நின்றது. உடம்பு பூராவும் நடுங்கியது. பயத்தில் நடுங்குவதில்லை அது. சறுக்குப் பலகையைக் கண்ணில் காட்டினாலே அப்படித்தான்.

"பாத்தியா?"

"என்னத்த பாக்கறது? நீ சாக்கடைல குதின்னாலும் அது குதிக்கும். அதுக்கு உன்மேல நம்பிக்கை. சரிவு ஒடையுமா ஒடையாதான்னு அதுக்கு யாரு சொன்னா?"

"என்னவிட அவளுக்கு நல்லாத் தெரியும்."

"போன வருஷம் உன் பலகையோட இரும்பு விளிம்பு பட்டு அவ பின்னங்கால் நரம்பு அறுந்துச்சே, அப்பவும் தெரிஞ்சுதான் வந்து குடுத்தாளா?"

ஷேன் கொஞ்சம் தடுமாறினான். "அது ஒரு தடவை. தையல் போட்டு எல்லாம் சரியாயிடுச்சு."

"உனக்குச் சரியாயிடுச்சு. நீ முன்னால போறவன், திரும்பிப் பாக்கறதில்ல. குளிர் ஏறுனா அந்தக் கால அவ தூக்கித் தூக்கி வெக்கறா. மலையிலேந்து வந்ததும் விரலுக்கு நடுவுல கட்டிப்போன பனிய நான்தான் உருக்கி எடுக்கறேன். அப்ப என் கைய நக்குறா பாரு, எனக்கு உன்ன நாலு சாத்தலாம்போல இருக்கும்."

"சரி, பூட்டி வெச்சுட்டுப் போறேன். அதுக்குப் பேரு அன்பா? போன மாசம் பூட்டினோமே, என்ன ஆச்சு? கதவக் கடிச்சு ஒரு பல்லு போச்சு. வாயெல்லாம் ரத்தம். நாள் பூரா ஊளை. அது கொடுமை இல்லையா? பெரியவரே, நீங்க சொல்லுங்க. எது கொடுமை?"

பெரியவர் என்பது நான். "எனக்குக் காப்பி ஊத்துனவங்க பக்கம்தான் நான்," என்றேன். ஊற்றியது மார்லா.

"இவர்கிட்டப் போய் கேட்டேன் பாரு," என்று ஷேன் போனைத் தூக்கிக் காட்டினான். பீன்ஸ் பனியில் பாய்ந்து வருகிற வீடியோ ஒன்றை எப்போதோ போட்டிருந்தான். அது எங்கெங்கோ சுற்றி, லட்சக்கணக்கில் ஆட்கள் பார்த்துவிட்டார்கள். பாதிப் பேர் அதன் கீழே இதயத்தைப் போட்டிருந்தார்கள். மீதிப் பேர் திட்டு. "இந்தாளக் கயித்துல கட்டி மலைலேந்து தள்ளி விடுங்கன்னு ஒரு அம்மா எழுதியிருக்கு. அது வீட்டு நாய் சோபாவுல படுத்துப் படுத்து நடக்க முடியாம பெருத்துக் கிடக்கும். அது கொடுமைல சேத்தி இல்ல."

"அவங்க கெடக்கட்டும். அவங்க யாரு நமக்கு? நான் சொல்றேன்ல?"

எனக்கு இரண்டு பேர் மேலும் எரிச்சல். ஷேன் சறுக்கும்போது அந்த நாயை நான் சாலையிலிருந்து எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். வயிறு முட்டப் பனியில் மூழ்கி, எகிறி, மறுபடி மூழ்கி, அவனுக்குப் பின்னாலேயே வரும். அதற்குச் சந்தோஷமில்லை என்று யாராவது சொன்னால் அவருக்குக் கண் இல்லை. ஆனால் சந்தோஷம் வேறு, தெரிந்து வருவது வேறு. ஷேன் தெரிந்து போகிறான். நாய் ஷேன் போகிறான் என்று போகிறது. இதை அங்கேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் மட்டும் அவன் கேட்டுவிடப் போகிறானா என்ன.

வெளியே கிப்பின் வண்டி வந்து நின்றது. கிப் இவனுக்கு மலைக்கூட்டாளி, சின்னப் பையன் மாதிரி முகம், மீசை மட்டும் பெரியவர்கள் மாதிரி வைத்திருப்பான்.

"சரி," என்றாள் மார்லா திடீரென்று. "கூட்டிட்டுப் போ. சட்டைய நான் மாட்டி விடறேன்."

அவ்வளவு லேசில் விட்டுக்கொடுக்கிற பெண் இல்லை அவள். ஷேனே ஒரு நிமிஷம் பார்த்தான். அவள் நாயைப் பின்அறைக்கு இழுத்துக்கொண்டு போய், அதன் நீலக் குளிர்சட்டையை மாட்டி, வாரெல்லாம் இறுக்கிக் கூட்டிக்கொண்டு வர நேரமாகிவிட்டது. நான் முட்டையைத் தின்றுகொண்டிருந்தேன். கொஞ்சிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன்.

*

லாரியில் ஏறி ஊரைத் தாண்டினோம். அன்றைக்கு அவள்தான் ஓட்டினாள். லாரிக்கு முன்னால் மாட்டிய இரும்புத் தகடு பனியை உரித்து ஓரத்தில் தள்ளிக்கொண்டே வந்தது. காற்று மேற்கிலிருந்து. கணவாய் முகட்டில் பனி புகையாகக் கிளம்பிப் பறந்தது. அந்த மாதிரிக் காற்றுதான் சரிவில் பனியை ஏற்றி வைத்து உடைக்கும்.

"அண்ணே, ஒண்ணு பண்ணிட்டேன்," என்றாள்.

"என்ன?"

"என் பழைய பெட்டி வீட்ல கெடந்துச்சுல்ல. அத போட்டு விட்டுட்டேன். பீன்ஸ் சட்டைக்குள்ள."

நான் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

பெட்டி என்பது கையளவு கருவி. மலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் நெஞ்சோடு கட்டிக்கொள்வது. இந்தச் சாலையில் பனிச்சரிவு லாரியையே வாரிக்கொண்டு போகும் என்பதால் எங்களுக்கும் துறையில் கொடுத்திருக்கிறார்கள். அது சும்மா கிடக்கும்போது சிக்னல் விட்டுக்கொண்டே இருக்கும். நீங்கள் பனிக்குள் புதைந்துவிட்டால், மேலே இருப்பவன் தன் பெட்டியைத் தேடுகிற பக்கம் திருப்பிவிட்டு, அது காட்டுகிற அம்புக்குறியைப் பிடித்துக்கொண்டு வந்து தோண்டுவான். உள்ளே கிடப்பது மனுஷனா, நாயா என்று அதற்குத் தெரியாது. அதனால் எங்கள் ஊரில் நாய்க்குப் பெட்டி மாட்டுவதில்லை. எங்கேயும் எழுதி வைக்கவில்லை, போலீஸ் பிடிக்காது. ஆனால் மாட்டினான் என்று தெரிந்தால் அப்புறம் எவனும் அவனோடு மலை ஏற மாட்டான்.

"உனக்குப் பைத்தியமா மார்லா?"

"ஆமா."

"கிப்புக்குத் தெரியுமா? ஷேனுக்கு?"

"தெரிஞ்சா கழட்டி எறிஞ்சிருப்பான்."

"ஏதாவது ஒண்ணு ஆகிப்போச்சுன்னா கிப் யாரன்னு தேடுவான்? ரெண்டு ஆளு உள்ள இருக்குன்னு காட்டும். எதத் தோண்டுவான்?"

"நான் யோசிக்காம பண்ணலண்ணே. யோசிச்சுதான் பண்ணேன்." சாலையைப் பார்த்தபடியே சொன்னாள். "ஷேன் புதைஞ்சா ஊரே தேடும். ஹெலிகாப்டர் வரும். அவ புதைஞ்சா? வெயில் காலத்துல பனி உருகட்டும், அப்ப எடுத்துக்கலாம்பாங்க. பாத்திருக்கேன்ல. அவளா கேட்டு வந்தா? அவளுக்கும் யாராவது வரணும்ல."

எனக்கு இன்னும் கோபம் வந்தது. "போன் போடு. இப்பவே சொல்லிடு, அணைச்சிடச் சொல்லு."

போன் போட்டாள். அந்தப் பள்ளத்தாக்கில் போன் என்றைக்கு எடுத்திருக்கிறது? கிப்பின் வண்டி சரிவின் அடியில் சாலையோரம் நின்றது. கண்ணாடியில் அதற்குள் பனி படிந்துவிட்டது. பலகைத் தடம் இரண்டு, நடுவில் நாய்த் தடம், மரங்களுக்குள் ஏறிப் போயிருந்தது. பின்னாலேயே நடந்து பிடித்துவிட முடியாது, அவர்கள் மேலே போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

வளைவில் லாரியை நிறுத்தினோம். அங்கிருந்து முகடு முழுசாகத் தெரியும். மூன்று புள்ளிகள். இரண்டு பெரிது, ஒன்று சின்னது, அது மட்டும் நிற்காமல் அலைந்துகொண்டிருந்தது.

மார்லா ஹார்னை அழுத்தினாள். விடாமல் அழுத்தினாள். லாரி ஹார்ன் பள்ளத்தாக்கு முழுக்கப் போய் மோதித் திரும்பி வந்தது. ஹார்ன் சத்தத்துக்குப் பனி சரியாது, அது சினிமாவில்தான். இருந்தாலும் பின்னால் ஊரில் அப்படியும் ஒரு கதை கட்டினார்கள்.

மேலே ஷேன் எங்களைப் பார்த்துவிட்டான். ஊன்றுகோலைத் தூக்கி ஆட்டினான். டாட்டா காட்டுகிறான்.

"வேணாம்டா," என்றாள் மார்லா கண்ணாடியைப் பார்த்து. "வேணாம், வேணாம். கீழ வராத."

ஒருத்தன் இறங்கும்போது இன்னொருத்தன் மேலேயே நின்று பார்க்க வேண்டும் என்பது முறை. அந்த முறையை மட்டும் ஒழுங்காகச் செய்தார்கள். கிப் நின்றான். ஷேன் குதித்தான். நாய் அவனுக்குப் பின்னாலேயே குதித்தது. ஒரு வளைவு, இரண்டாவது வளைவு. எனக்கே ஒரு கணம் அழகாக இருந்தது, சொல்லிவிடுகிறேன். அப்புறம் அவனுக்கு மேலே சரிவின் குறுக்கே ஒரு கோடு விழுந்தது. அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்த அத்தனையும் அசைந்தது.

மார்லா கதவைத் திறந்துகொண்டு இறங்கிவிட்டாள்.

*

பனிப்புகை அடங்கும்போது நான் ரேடியோவில் துறை ஆபீஸுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் பேசிய பெண், "எத்தனை பேர், ஆரின்?" என்று என் பெயரைச் சொல்லிக் கேட்டாள். "ஒரு ஆள்," என்றேன். பிறகு, "ஒரு ஆள், ஒரு நாய்," என்றேன். லாரியிலிருந்த பனி வாரும் ஷவல் இரண்டையும், ஆழம் பார்க்கிற குத்துக்கம்பியையும் தூக்கிக்கொண்டு அவளுக்குப் பின்னால் ஓடினேன். ஓடினேன் என்று சொல்வது மரியாதைக்கு. என் வயசில் சரிந்த குவியலின் மேலே தவழ்ந்து போனேன். குழப்பாமலிருக்க எங்கள் பெட்டி இரண்டையும் தேடுகிற பக்கம் திருப்பியிருந்தோம்.

சரிந்து நின்ற பனி பூப்போல இருக்கும் என்று நினைப்பவர்கள் ஒரு தடவை தோண்டிப் பார்க்க வேண்டும். நின்ற மறு நிமிஷம் அது காரை போட்ட தரை. அதற்குள் கிடப்பவனுக்கு விரல் அசையாது. மூச்சு தன் முகத்துக்கு முன்னாலேயே உறைந்து மூடிக்கொள்ளும். அதனால் இங்கே எல்லாமே நேரம்தான், வேறு கணக்கே கிடையாது.

கிப் மேலிருந்து இறங்கி எங்களுக்கு முன்னாலேயே தேட ஆரம்பித்திருந்தான். முகத்தில் ரத்தமே இல்லை. "ரெண்டு காட்டுதுக்கா," என்றான் மார்லாவைப் பார்த்து. "ரெண்டு காட்டுது. வேற யாரோ உள்ள இருக்காங்க. நாங்க யாரையும் பாக்கல, சத்தியமா பாக்கல."

"ஒண்ணு பீன்ஸ்," என்றாள் மார்லா.

"என்ன?"

"நான் மாட்டுனேன். ஒண்ணு பீன்ஸ். எது எதுன்னு எனக்குத் தெரியாது."

கிப் அவளைப் பார்த்த பார்வையை நான் சொல்ல விரும்பவில்லை. திட்டக்கூட நேரம் இல்லை. பக்கத்தில் இருப்பதை, ஆழம் கம்மியானதை முதலில் எடு, அதுதான் எல்லோருக்கும் சொல்லிக்கொடுப்பது. ஒரு சிக்னல் காலடியிலேயே, கை ஆழம்தான் காட்டியது. இன்னொன்று கீழே தள்ளி, ஆள் ஆழத்துக்குக் கொஞ்சம் கம்மி. பக்கத்தில் இருந்ததைத் தோண்டினோம். ஷவல் கட்டி கட்டியாகப் பெயர்த்துப் போட்டது. மார்லா, "ஷேனா இரு, ஷேனா இரு," என்று முனகிக்கொண்டே வெட்டினாள்.

நீலத் துணி தெரிந்தது.

நாயின் பின்பக்கம். தலை கீழ்ப்பக்கமாக, பனிக்குள் இன்னும் உள்ளே. மார்லா மண்டியிட்டுக் கையால் பறித்தாள். இடுப்பு வந்தது. வால் வந்தது. "பீன்ஸ்," என்றாள்.

வால் ஆடியது. லேசாக, பக்கவாட்டில், ஒரு தரம். பிறகு இன்னொரு தரம்.

"உசுரு இருக்கு," என்று கிப் ஷவலை ஓங்கினான். "தலைப்பக்கம் வெட்டுவோம், இன்னும் இவ்வளவுதான்."

மார்லா நாயின் முதுகில் கையை வைத்திருந்தாள். அந்தக் கையை எடுத்தாள். எழுந்து நின்றாள்.

"விடு," என்றாள்.

"அக்கா?"

"விடுன்னு சொல்றேன்ல. அங்க போலாம்."

"நான் இருந்து எடுக்கறேன் மார்லா," என்றேன். "நீங்க ரெண்டு பேரும் போங்க."

"அவ்வளவு ஆழத்துக்கு மூணு பேரும் வேணும்ணே. ஒருத்தர் வெட்டணும், ரெண்டு பேர் வாரித் தள்ளணும். உங்களுக்குத் தெரியாதா?" என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவள் சொன்னது சரி. எனக்குத் தெரியும். மூன்று பேரும் போனோம். போகும்போது நான் திரும்பிப் பார்த்தேன். அவள் பார்க்கவில்லை.

கிப் கம்பியால் குத்தினான். முதலில் வெறும் பனி. இரண்டாவதும் பனி. அப்புறம் கம்பி மெத்தென்று நின்றது. கம்பியை அங்கேயே விட்டுவிட்டு மூன்று பேரும் வரிசையாக நின்று வெட்டினோம். மாற்றி மாற்றி வெட்டினோம். என் நெஞ்சு வெடித்துவிடும்போல் இருந்தது, ஆனால் மார்லாவின் கை ஒரு தடவைகூட நிற்கவில்லை. ஷேனின் தலைக்கவசம் தெரிந்தது. முகத்தைத் தோண்டி எடுத்தபோது ஈரமான சாம்பல் நிறம். வாய்க்குள் பனி. அவள் விரலை விட்டு வழித்தெடுத்தாள். வாயோடு வாய் வைத்து ஊதினாள். ஊதினாள். அவன் இருமினான். அந்த இருமலைப் போல ஒரு நல்ல சத்தத்தை நான் கேட்டதில்லை.

அவனை முழுக்க எடுக்க வேண்டியிருந்தது. தொடை எலும்பு முறிந்து தப்பான பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. மார்லா கழுத்து அசையாமல் தலையைப் பிடித்துக்கொண்டாள், இனி அவள் கையை எடுக்க முடியாது. என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் ஷவலை எடுத்துக்கொண்டு மேலே ஏறினேன்.

தலைப்பக்கம் வெட்ட அதிக நேரம் ஆகவில்லை. கிப் சொன்னது சரிதான், இன்னும் அவ்வளவுதான் இருந்தது. மூக்கைச் சுற்றிக் கண்ணாடி மாதிரி ஐஸ் கட்டியிருந்தது. உடம்பு சூடாகத்தான் இருந்தது. தேய்த்துப் பார்த்தேன், மூக்கில் ஊதிப் பார்த்தேன், மாட்டுக் கன்றுக்குச் செய்வதெல்லாம் செய்தேன். மூச்சு வரவில்லை. சட்டைக்குள் பெட்டி சிவப்பு விளக்கை மினுக்கிக்கொண்டு இன்னும் சிக்னல் விட்டுக்கொண்டிருந்தது. மீட்புக்காரர்கள் வந்தால் குழப்பும் என்று அதை அணைத்தேன். பிறகு அந்தக் குழியிலேயே உட்கார்ந்து அழுதேன். என் பெண்டாட்டி போனபோதுகூட நான் அப்படி அழவில்லை. ஏன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

*

ஷேன் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது தெருவில் பாதிப் பனி உருகியிருந்தது. காலில் கம்பி வைத்திருந்தார்கள். முன்னறையில் சோபாவை இழுத்துப்போட்டுப் படுத்தேகிடந்தான். ஊர் முழுக்க ஆளாளுக்கு நூடுல்ஸும் சீஸும் வைத்து வேகவைத்த தட்டுகளைக் கொண்டுவந்து கொடுத்து, பிரிட்ஜில் இடம் இல்லை. நாய் செத்த விஷயம் எப்படியோ வெளியே போய், அந்த வீடியோவின் கீழே திட்டுவதற்கு அளவே இல்லாமல் போயிற்று. நாயைக் கொன்றவன் என்றார்கள். அவன் அதையெல்லாம் படிப்பதை விட்டுவிட்டான்.

பெட்டி விஷயத்தை அவனிடம் யாரும் சொல்லவில்லை. அடிபட்டவனிடம் ஏன் என்று எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருந்தோம். மார்லா சொல்கிறேன், சொல்கிறேன் என்று லாரியில் தினமும் சொல்வாள். வீட்டுக்குப் போனதும் அவன் வலியில் முனகுவான், இவள் மாத்திரையை எடுத்துக் கொடுப்பாள், அன்றைய பொழுது போய்விடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோளரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு போனேன். மார்லா பச்சை மிளகாயும் பன்றிக்கறியும் போட்டுக் குழம்பு வைத்திருந்தாள், வாசனை வாசலிலேயே பிடித்தது. உள்ளே போனால் ஷேன் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். "காலைல கிப் வந்தான்," என்றான் என்னிடம். "பேச்சோட பேச்சா சொல்லிட்டான். ரெண்டு காட்டுச்சாமே."

நான் ரொட்டியை மேசையில் வைத்தேன்.

"நான்தான் மாட்டுனேன்," என்றாள் மார்லா அடுப்புப் பக்கத்திலிருந்து. திரும்பவில்லை.

"தெரியும். நம்ம ஊர்ல ஏன் மாட்டறதில்லன்னு உனக்குத் தெரியாதா?"

"மனுஷனத் தேடற நேரம் வீணாப் போவும்."

"அது வெளியூர்க்காரனுக்குச் சொல்ற காரணம். மேல நிக்கறவனுக்கு நாயத் தோண்டறதா ஆளத் தோண்டறதான்னு முடிவு பண்ற நெலமை வரக் கூடாது. அதுக்குத்தான் மாட்டறதில்ல."

"ஆமா," என்றாள் மார்லா. "அவ எங்க கெடக்கான்னே தெரியாமப் போனா யாருக்கும் சங்கடம் இல்ல பாரு. கூட்டிட்டுப் போனவனுக்கும் இல்ல."

அவன் போர்வை நூலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். "கண்டுபிடிச்சப்ப உசுரோட இருந்தாளா?" என்று கேட்டான். கேட்டது அவளையா என்னையா என்று தெரியவில்லை.

"இல்ல தம்பி," என்றேன் நான். "நாங்க பாக்கறதுக்கு முன்னாடியே முடிஞ்சுபோச்சு. பாவம், வலி தெரிஞ்சிருக்காது."

"வேணாம்ணே," என்றாள் மார்லா. கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள். "வால ஆட்டுனா. என் குரல் கேட்டுச்சு அவளுக்கு. பேரச் சொன்னேன், வால ஆட்டுனா. அப்புறம்தான் விட்டுட்டு வந்தேன்."

ஷேன் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது. அவன் அழுததை அன்றைக்குத்தான் பார்த்தேன், எலும்பு முறிந்தபோதுகூட அழாதவன். மார்லா பக்கத்தில் போகவில்லை. எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ரொட்டியைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தேன்.

"எப்படி மனசு வந்துச்சு உனக்கு?" என்றான் கைக்குள்ளிருந்து. "இன்னும் ரெண்டு வெட்டுதானே. கிப் சொன்னான். ரெண்டே வெட்டு. வால ஆட்டிட்டிருக்கறத விட்டுட்டு எப்படி எந்திரிச்சு வந்த? நானா இருந்தா விட்டிருக்க மாட்டேன்."

"அந்த ரெண்டு வெட்டுல நீ போயிருந்தா?"

"போயிருந்தா போயிருக்கேன். நானா தெரிஞ்சுதானே போனேன். அவ தெரிஞ்சா வந்தா? நீதானே சொல்லுவ."

அந்தப் பேச்சு எனக்கு அடித்தது மாதிரி இருந்தது. இத்தனை வருஷம் அவள் தொண்டை வற்றக் கத்தியதை, நாய் போனபிறகு அவளுக்கே திருப்பிச் சொல்கிறான். எழுந்து ஓர் அறை விடலாமா என்று இருந்தது. கால் உடைந்தவனாகப் போய்விட்டான்.

மார்லாவுக்குக் கோபம் வரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அடுப்பைத் தணித்தாள். துணியில் கையைத் துடைத்தாள்.

"சரி ஷேன்," என்றாள். "இப்ப நான் கேக்கறேன். உள்ள இருந்தது நான்னு வெச்சுக்க. இந்தக் குழில பீன்ஸ், வால ஆட்டறா. இன்னும் ரெண்டு வெட்டு. அந்தக் குழில நான். சத்தம் இல்ல, இருக்கேனா போயிட்டேனான்னு உனக்குத் தெரியாது. மேல நீ நிக்கற. சொல்லு."

ஷேன் கையை எடுத்துவிட்டு அவளைப் பார்த்தான். வாயைத் திறந்தான்.

சொல்லுடா, என்று நான் மனதுக்குள் சொன்னேன். என்ன பெரிய கேள்வி, சொல்லித் தொலை.

அவன் ஜன்னல் பக்கம் பார்த்தான். பொய் சொல்லத் தெரியாதவன், அதுவரை ஒத்துக்கொள்ள வேண்டும். மார்லா அலமாரியைத் திறந்து கிண்ணங்களை எடுத்தாள். ஒன்றில் குழம்பை ஊற்றினாள், கறி வருகிற மாதிரி கரண்டியை அடி வரைக்கும் விட்டு எடுத்தாள். இரண்டாவதில் ஊற்றினாள். மூன்றாவதில் ஊற்றி, விளிம்பில் சிந்தியதை விரலால் வழித்துத் துடைத்தாள்.

"உன்னத்தான்," என்றான் ஷேன். "உன்னத்தான் எடுப்பேன் மார்லா. இதென்ன கேள்வி."

அவள் கிண்ணத்தைக் கொண்டுவந்து அவன் மடியில், போர்வையின் மேல் துண்டைப் போட்டு அதன்மேல் வைத்தாள். கரண்டியைக் கையில் கொடுத்தாள்.

"தெரியும்," என்றாள். "ஆனா நீ யோசிச்ச இவ்வளவு நேரம் நான் உள்ள கெடந்திருந்தா செத்துப் போயிருப்பேன். சாப்பிடு, ஆறிடும்."